பழைய ஆஃப்-ரோடு வண்டிக்கு யுனிவர்சல் வயரிங் ஹார்னஸ்: வயரை வெட்டுவதற்கு முன்னும் பின்னும்

காப்புறை வெடித்து உதிரத் தொடங்கிவிட்ட பழைய வயரிங்கை முழுவதும் கழற்றிவிட்டு, ஏறத்தாழ இருபது சுற்றுகள் கொண்ட யுனிவர்சல் ஹார்னஸ் (வண்டியின் மின்வயர்கள் எல்லாம் ஒன்றாகக் கட்டிய தொகுப்பு) ஒன்றைப் பொருத்தலாமா, அப்படிப் பொருத்தும்போது எங்கெங்கே கவனம் தேவை என்பது கேள்வி. தாராளமாகப் பொருத்தலாம். ஆனால் அந்த ஹார்னஸ் எந்த வண்டிக்கும் பொருந்தும் என்று சொல்லி விற்கப்பட்டாலும், அதை வடிவமைத்தவர் மனத்தில் ஒரே ஒரு வகை வண்டிதான் இருக்கிறது. 12 வோல்ட், நெகடிவ் எர்த் (பேட்டரியின் நெகடிவ் முனை வண்டியின் உலோக உடலோடு இணைந்த அமைப்பு), பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர், ஜெனரல் மோட்டார்ஸ் பாணி ஸ்டீயரிங் காலம், பெட்ரோல் என்ஜின் ஆகியவை அதற்குள் முன்கூட்டியே எழுதப்பட்டுவிட்டன. இந்த வேலையில் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி, அந்தக் கற்பனை வண்டியிலிருந்து உங்கள் வண்டி விலகி நிற்கும் நாலைந்து இடங்களில்தான் பிறக்கிறது. அந்த இடங்களைக் காகிதத்தில் கண்டுபிடித்துவிட்டால் மிச்சமெல்லாம் பொறுமையான கைவேலை.

முதலில் ஒரு மாற்று யோசனையையும் சொல்லிவிட வேண்டும். வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலேயே இருக்கிறது, அதற்கென்றே தயாரித்த மறுபதிப்பு ஹார்னஸ் கிடைக்கிறது என்றால், அதையே வாங்குங்கள். ஒவ்வொரு வயரும் சரியான நீளத்தில், சரியான முனையோடு வரும். என்ஜின் மாறிவிட்டது, பழைய வகை மின்னாக்கியான டைனமோ போய் ஆல்டர்னேட்டர் வந்துவிட்டது, வின்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் மின்சார உருளை), கூடுதல் விளக்குகள், மின்சார ஃபேன் எல்லாம் சேர்ந்துவிட்டன என்றால் யுனிவர்சல் ஹார்னஸ்தான் பொருத்தம். சீரீஸ் 2 லேண்ட் ரோவரில் மொத்தமே இரண்டு ஃபியூஸ்கள்தான் இருந்தன. ஹெட்லைட்டுக்கு ஃபியூஸே கிடையாது. ஒவ்வொரு சுற்றுக்கும் தனி ஃபியூஸ் கிடைப்பது அப்படிப்பட்ட வண்டிக்குப் பெரிய முன்னேற்றம்.

ஹார்னஸை வாங்குவதற்கு முன்பே பார்க்க வேண்டியவை வண்டியின் மின்னழுத்தமும் எர்த்தும். வில்லிஸ் எம்பி என்ற உலகப்போர்க் கால ஜீப்பும், பொதுமக்களுக்கென வந்த தொடக்க கால சிஜே ஜீப்புகளும் 6 வோல்ட்டில் ஓடியவை. ராணுவ எம்38 ஜீப் 24 வோல்ட். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பல 1960களின் பிற்பகுதி வரை பாசிடிவ் எர்த்தில் வந்தன. வயருக்கு வோல்ட் பற்றிக் கவலையில்லை. ஆனால் 6 வோல்ட்டில் அதே வாட்டுக்கு இரு மடங்கு மின்னோட்டம் பாயும் என்பதால் 12 வோல்ட்டுக்கு அளவெடுத்த ஹார்னஸ் அங்கே மெலிந்துபோகும். எனவே 12 வோல்ட்டுக்கு மாற்றும் முடிவை ஹார்னஸோடு சேர்த்தே எடுங்கள். பல்புகள், தீப்பொறிக்கான இக்னிஷன் காயில், கேஜ்கள் (டேஷ்போர்டில் அளவு காட்டும் மீட்டர்கள்), வைப்பர் மோட்டார், ரிலேக்கள் (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்சுகள்) எல்லாமே அந்தக் கணக்கில் வரும். பாசிடிவ் எர்த்தை நெகடிவாக மாற்றும்போது காயிலின் இரு முனைகளையும், அம்மீட்டர் இருந்தால் அதன் முனைகளையும் இடம் மாற்ற வேண்டும். டைனமோவைத் தொடர்ந்து பயன்படுத்தினால் அதன் ஃபீல்டு முனைக்குப் பேட்டரியிலிருந்து ஒரு நொடி மின்சாரம் தொட்டுக் காட்டிப் புதிய துருவத்துக்குப் பழக்க வேண்டும். அப்போது ஃபீல்டு வயர் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரிலிருந்து கழற்றப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்தது வரைபடம். ஹார்னஸோடு வரும் தாளை அல்ல, உங்கள் வண்டியின் பழைய வரைபடத்தை எடுத்து, இன்று வண்டியில் உண்மையில் இருக்கும் பொருள்களை மட்டும் வைத்துப் புதிதாக ஒன்றை வரையுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று விவரம் வேண்டும்: மின்சாரம் எப்போதும் வர வேண்டுமா அல்லது சாவி போட்டால் மட்டுமா, எத்தனை ஆம்பியர் இழுக்கும், சுவிட்ச் பாசிடிவ் பக்கத்தில் இருக்கிறதா எர்த் பக்கத்தில் இருக்கிறதா. இந்த மூன்றாவது விவரத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஹாரன் பொத்தான் பல பழைய வண்டிகளில் எர்த் கொடுக்கும் பொத்தான். யுனிவர்சல் ஹார்னஸின் ஹாரன் ரிலேயும் பொதுவாக எர்த் கிடைத்தால் வேலை செய்யும்படியே அமைந்திருக்கும். உங்கள் பொத்தான் பாசிடிவை அனுப்பும் வகையாக இருந்து அதை அப்படியே அந்த முனையில் இணைத்தால் ஹாரன் அடிக்காது.

பழைய ஹார்னஸை வெட்டி வெட்டிக் கழற்றாதீர்கள். ஒவ்வொரு முனையிலும் சீட்டு ஒட்டி, படம் எடுத்து, முழு உடலாகவே வெளியே எடுங்கள். பழைய சுவிட்சுகளையும் கேஜ்களையும் தக்கவைப்பதாக இருந்தால் அவற்றின் பிளக்குகளை ஒரு சாண் வயரோடு விட்டு வெட்டுங்கள். அந்தப் பிளக்குகள் இன்று தனியாகக் கிடைப்பது அரிது. கடைசி விளக்கு எரியும் வரை பழைய ஹார்னஸ் தரையில் விரித்தபடியே கிடக்கட்டும்.

நிறங்கள் பற்றி ஓர் எச்சரிக்கை. யுனிவர்சல் ஹார்னஸ்கள் பெரும்பாலும் ஜெனரல் மோட்டார்ஸ் நிறமுறையைப் பின்பற்றுகின்றன. அதில் பழுப்பு பார்க்கிங் லைட்டுக்கு, ஊதா செல்ஃப் மோட்டாரின் சோலினாய்டுக்கு (அந்த மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் காந்த சுவிட்ச்), இளஞ்சிவப்பு சாவி போட்டால் வரும் மின்சாரத்துக்கு, ஆரஞ்சு எப்போதும் இருக்கும் மின்சாரத்துக்கு. பிரிட்டிஷ் லூக்காஸ் நிறுவனத்தின் நிறமுறையில் பழுப்பு என்பது ஃபியூஸ் இல்லாமல் பேட்டரியிலிருந்து நேராக வரும் வயர்; ஊதா என்பது ஃபியூஸ் வழியாக எப்போதும் உயிரோடு இருக்கும் வயர். பழைய சுவிட்சிலிருந்து வரும் பழுப்பைப் புதிய பழுப்போடு சேர்த்தால் பேட்டரி நேராகப் பார்க்கிங் லைட்டில் போய் நிற்கும். நிறத்தை நம்பாமல், வயரின் மேல் அச்சிட்டிருக்கும் பெயரையும் மல்டிமீட்டரையும் மட்டும் நம்புங்கள்.

இனி, வண்டிகள் விலகி நிற்கும் இடங்களுக்கு வருகிறேன். முதலாவது சார்ஜிங். பழைய வண்டிகளில் டைனமோவின் முழு மின்னோட்டமும் டேஷ்போர்டுக்கு வந்து, அம்மீட்டர் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பியது. 20 அல்லது 30 ஆம்பியர் காலத்தில் அது பொருந்தியது. 60 ஆம்பியருக்கு மேல் தரும் ஆல்டர்னேட்டரை அந்த அம்மீட்டர் வழியே ஓட்டினால், தளர்ந்த ஒரு நட்டே டேஷ்போர்டுக்குப் பின்னால் நெருப்பு மூட்டப் போதுமானது. யுனிவர்சல் ஹார்னஸ் ஆல்டர்னேட்டரின் தடித்த வயரை நேராகப் பேட்டரிக்கோ செல்ஃப் சோலினாய்டுக்கோ கொண்டு போகிறது. அதை அப்படியே விட்டுவிட்டு அம்மீட்டருக்குப் பதில் வோல்ட்மீட்டர் வையுங்கள். என்ஜின் நின்றிருக்கும்போது 12.6, ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்டினால் சார்ஜிங் நலமாக இருக்கிறது. பழைய அம்மீட்டரின் முகம் அழகுக்காக வேண்டுமென்றால் இருக்கட்டும், வயர் மட்டும் வேண்டாம்.

ஆல்டர்னேட்டருக்கு இன்னொரு மெல்லிய வயரும் உண்டு. சாவி போட்டதும் சார்ஜ் விளக்கின் வழியாகச் சிறிதளவு மின்னோட்டம் உள்ளே போய்த்தான் அதன் காந்தப்புலத்தை எழுப்புகிறது. இதற்கு 2 முதல் 3 வாட் இழைவிளக்கு பொருத்தமானது. அந்த இடத்தில் தனி எல்இடி வைத்தால், போதிய மின்னோட்டம் போகாமல் ஆல்டர்னேட்டர் விழிக்கவே மறுக்கலாம். பக்கத்தில் இணையாக ஒரு மின்தடையம் வைக்க வேண்டியிருக்கும். விளக்கே இல்லாமல் நேராகச் சாவி வயரில் இணைத்தாலோ வேறு சிக்கல்: சாவியை எடுத்த பிறகும் ஆல்டர்னேட்டரிலிருந்து அந்த வயர் வழியாகப் பின்னோக்கி வரும் மின்சாரம் காயிலுக்குப் போய், என்ஜின் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். விளக்கு, மின்தடையம், டயோடு ஆகிய மூன்றில் ஒன்று அந்த வழியில் இருந்தே ஆக வேண்டும்.

இரண்டாவது இக்னிஷன். இதில்தான் ஓடிக்கொண்டிருந்த நல்ல என்ஜின்கள் வயரிங் மாற்றிய பிறகு மக்கர் செய்யத் தொடங்குகின்றன. பாயிண்ட் வகை (தொட்டு விலகும் முனைகளால் காயிலின் மின்சாரத்தைத் துண்டித்துத் தீப்பொறி உண்டாக்கும்) டிஸ்ட்ரிபியூட்டர் கொண்ட பல வண்டிகளில் காயில் முழு 12 வோல்ட்டில் ஓடுவதில்லை. சாவிக்கும் காயிலுக்கும் நடுவே பீங்கான் உடல் கொண்ட ஒரு பேலஸ்ட் மின்தடையம் இருக்கும். சில வண்டிகளில் அது கண்ணுக்குத் தெரியாமல், சாதாரண வயரைப் போலவே தோன்றும் மின்தடை வயராகப் பழைய ஹார்னஸுக்குள்ளேயே பின்னப்பட்டிருக்கும். அந்த ஹார்னஸைக் கழற்றும்போது மின்தடையும் சேர்ந்து போய்விடுகிறது. புதிய செம்பு வயர் முழு மின்னழுத்தத்தையும் கொடுக்க, காயில் சூடேறி, பாயிண்ட்டுகள் விரைவில் கருகிவிடும். காயிலின் முதன்மைச் சுற்றை மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். சுமார் 3 ஓம் இருந்தால் பெரும்பாலும் நேரடி 12 வோல்ட் காயில், சுமார் 1.5 ஓம் இருந்தால் பேலஸ்ட் தேவைப்படும் காயில். பின்னதாக இருந்தால் வெளியே ஒரு பேலஸ்ட்டைப் பொருத்தி, செல்ஃப் அடிக்கும் நேரத்தில் மட்டும் அதைத் தாண்டி முழு மின்னழுத்தம் காயிலுக்குப் போகும்படி சோலினாய்டிலிருந்து தனி வயரும் கொடுக்க வேண்டும். எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டியிருந்தால் நிலைமை தலைகீழ். அவற்றில் பலவற்றுக்கு முழு 12 வோல்ட் வேண்டும், எனவே அதன் தயாரிப்பாளர் சொல்வதே சட்டம். டீசல் என்ஜினுக்கு காயில் இல்லை. அந்த வயரை எரிபொருளை நிறுத்தும் சோலினாய்டுக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் டீசல் என்ஜினைக் கிளப்பும் முன் சூடாக்கும் குளோ பிளக்குகளுக்கு வேண்டிய தடித்த வயரும் ரிலேயும் பொதுவாக யுனிவர்சல் பெட்டியில் வராது, அதைத் தனியாகத்தான் கட்ட வேண்டும்.

மூன்றாவது இண்டிகேட்டர். அமெரிக்க வண்டிகளில் பின்னால் ஒரே சிவப்பு விளக்கின் ஒரே இழை பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் பொதுவாக இருக்கும்; பிரேக் சுவிட்சின் வயர் ஸ்டீயரிங்கில் உள்ள இண்டிகேட்டர் சுவிட்சுக்குள் போய், அங்கிருந்துதான் பின்னால் வரும். லேண்ட் ரோவர் போன்ற வண்டிகளில் இண்டிகேட்டருக்கு மஞ்சள் விளக்கு தனி, பிரேக்குக்குச் சிவப்பு தனி. உங்களுடையது தனித்தனி வகை என்றால், இண்டிகேட்டர் சுவிட்சுக்குப் போகும் பிரேக் வயரை அங்கே இணைக்காமல், பிரேக் சுவிட்சிலிருந்து நேராகப் பின்விளக்குகளுக்குக் கொண்டு போங்கள். ஸ்டீயரிங்கிலிருந்து வரும் இடது, வலது வயர்கள் மஞ்சள் விளக்குகளுக்கு மட்டும் போகட்டும். இதைச் செய்யாவிட்டால் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் பின்பக்க மஞ்சள் விளக்குகளும் எரியும். இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரியவைக்கும் பழைய வெப்ப வகை பிளாஷர், பல்புகள் இழுக்கும் மின்னோட்டத்தை வைத்தே துடிக்கிறது. எல்இடி போட்டால் எலக்ட்ரானிக் பிளாஷரும் போட வேண்டும்.

நான்காவது கேஜ்கள். பல பழைய வண்டிகளில் பெட்ரோல் கேஜும் வெப்ப கேஜும் 12 வோல்ட்டில் இயங்குவதில்லை. டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு சிறு நிலைப்படுத்தி அவற்றுக்குக் குறைந்த மின்னழுத்தத்தைக் கொடுக்கும். பிரிட்டிஷ் ஸ்மித்ஸ் நிறுவனக் கேஜ்களில் அது சராசரியாக 10 வோல்ட், சிஜே ஜீப்புகளில் சுமார் 5 வோல்ட். சிஜேயில் அந்த நிலைப்படுத்தி பெட்ரோல் கேஜின் உடலுக்குள்ளேயே இருக்கிறது. புதிய ஹார்னஸின் கேஜ் வயரை நேராகக் கேஜில் மாட்டினால் முள் எகிறும், அல்லது சுருள் எரியும். புதிய கேஜ் வாங்குவதாக இருந்தால் டேங்கில் உள்ள சென்டர் (sender, எரிபொருள் அளவைக் கேஜுக்கு அனுப்பும்) யூனிட்டின் ஓம் அளவோடு அது ஒத்துப்போக வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் சென்டர் காலியில் 0, நிறைந்தால் 90 ஓம். சிஜேயில் காலியில் சுமார் 73, நிறைந்தால் சுமார் 10. இரண்டையும் கலந்தால் கேஜ் எதிர்த்திசையில் பேசும்.

ஹெட்லைட்டுக்கு ரிலே போடுவது ஆடம்பரம் அல்ல. இரண்டு 55 வாட் பல்புகள் சுமார் 9 ஆம்பியர் இழுக்கின்றன. பேட்டரியிலிருந்து டேஷ் சுவிட்சுக்கும், அங்கிருந்து ஒளியைத் தாழ்த்தக் காலால் அமுக்கும் டிப் சுவிட்சுக்கும், பிறகு முன்னால் விளக்குக்கும் போகும் வழி ஏறத்தாழ 5 மீட்டர். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் அந்தத் தூரத்துக்கு மட்டும் சுமார் 0.8 வோல்ட் விழுந்துவிடும். தேய்ந்த சுவிட்ச் முனைகளும் சேர்ந்தால் இழப்பு 10 விழுக்காட்டை எட்டும். இழைவிளக்கின் ஒளி மின்னழுத்தத்தைவிடப் பல மடங்கு வேகமாகக் குறைவதால், 10 விழுக்காடு வோல்ட் போனால் ஏறத்தாழ 30 விழுக்காடு வெளிச்சம் போகும். ரேடியேட்டருக்குப் பக்கத்தில் இரண்டு ரிலேக்களை வைத்து, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தடித்த வயரில் மின்சாரம் கொடுத்தால், பழைய சுவிட்சுகள் தாங்க வேண்டியது ரிலே ஒன்றுக்கு 0.2 ஆம்பியருக்கும் குறைவே. சேற்றிலும் தண்ணீரிலும் கிடக்கும் டிப் சுவிட்சுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

எர்த் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். ஹார்னஸ் பெட்டியில் வரும் தாளில் எர்த்துக்குப் பெரும்பாலும் அதிக இடம் இருக்காது. ஆனால் முடிந்த வேலையில் வரும் குறைகளில் பெரும்பாலானவற்றைத் துரத்திக்கொண்டு போனால் ஓர் எர்த்தில்தான் போய் நிற்கும். இந்த வண்டிகளில் என்ஜின் ரப்பர் மேல் அமர்ந்திருக்கிறது, பாடியும் ரப்பர் மேல் அமர்ந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் சேசிஸ் துருவும் பெயிண்டும் பூசி நிற்கிறது. பேட்டரி நெகடிவிலிருந்து என்ஜினுக்கோ கியர்பாக்ஸுக்கோ ஒரு தடித்த கேபிள், என்ஜினிலிருந்து சேசிஸுக்கு ஒரு பட்டை, சேசிஸிலிருந்து பாடிக்கு இன்னொன்று என மூன்றும் கட்டாயம். என்ஜின் பட்டை விடுபட்டால் செல்ஃப் மோட்டாரின் நூற்றுக்கணக்கான ஆம்பியர், கிடைத்த வழியான ஆக்சிலரேட்டர் கேபிளிலோ சோக் கேபிளிலோ பாய்ந்து அதைச் சிவக்கச் செய்யும். அலுமினியப் பாடி கொண்ட வண்டியில் செம்பு லக்கை (வயரின் நுனியில் மாட்டும் உலோக முனை) நேராக அலுமினியத்தில் இறுக்கினால் ஈரம் பட்டதும் அரிப்பு தொடங்கும். வெள்ளீயம் பூசிய லக் போட்டு, பெயிண்டைச் சுரண்டி, இறுக்கிய பிறகு மேலே கிரீஸோ மெழுகோ பூசுங்கள். ஃபைபர் பாடி என்றால் பாடியை எர்த்தாக நினைக்கவே வேண்டாம். நான் எல்லா வண்டிக்கும் பரிந்துரைப்பது ஒன்றுதான்: டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒன்று, முன்விளக்குகளுக்கு அருகில் ஒன்று, பின்னால் ஒன்று என மூன்று எர்த் பட்டைகளை (பல எர்த் வயர்கள் வந்து சேரும் உலோகத் தகடுகள்) வைத்து, ஒவ்வொரு விளக்குக்கும் தனி எர்த் வயர் அங்கே கொண்டுவாருங்கள். விளக்கின் திருகு வழியாகவே எர்த் கிடைக்கும் என்ற பழைய ஏற்பாட்டை விட்டுவிடுங்கள்.

ஃபியூஸ் காப்பது பொருளை அல்ல, வயரை. ஆகவே ஹார்னஸின் முக்கிய வயருக்குப் பேட்டரி முனைக்கு மிக அருகிலேயே ஒரு பெரிய ஃபியூஸோ ஃபியூசிபிள் லிங்கோ (தானே உருகி அறுந்து காக்கும் வயர்த் துண்டு) இருக்க வேண்டும்; லிங்க் என்றால் அது காக்கும் வயரைவிட நான்கு கேஜ் எண் (வயர் தடிமனைக் குறிக்கும் எண்) மெல்லியதாக இருப்பது வழக்கம். ஃபியூஸ் பாக்ஸ் உள்ளே இருப்பதால் பேட்டரியிலிருந்து அதுவரையுள்ள வயர் பாதுகாப்பாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். என்ஜின் அறையையும் உள்பகுதியையும் பிரிக்கும் பயர்வாலில், ரப்பர் கிராமெட் (ஓட்டையின் விளிம்பை மூடும் வளையம்) இல்லாத ஓட்டையில் உரசிப் போகும் வயர் பெரும்பாலும் அதுதான். பாக்ஸை டேஷ்போர்டுக்குக் கீழே, மடியும் கண்ணாடிச் சட்டத்திலிருந்து சொட்டும் தண்ணீர் விழாத இடத்தில், வயர்கள் கீழிருந்து மேலே வளைந்து நுழையும்படி பொருத்துங்கள்.

முனைகளை கிரிம்ப் செய்யுங்கள், அதாவது கருவியால் அழுத்தி இறுக்குங்கள். சால்டர் வேண்டாம் என்பதே என் கருத்து. சால்டர் வயருக்குள் ஊறி ஏறிய இடத்தில் வயர் விறைத்துவிடும், அந்த விறைப்பு முடியும் கோட்டில்தான் கரடுமுரடான பாதையின் அதிர்வு அதை முறிக்கும். ராட்செட் கிரிம்பர் ஒன்றும், பிளாஸ்டிக் உறை இல்லாத திறந்த வகை லக்குகளும், உள்ளே பசை பூசிய ஹீட் ஷ்ரிங்க் குழாயும் போதும். கிரிம்ப் செய்த ஒவ்வொன்றையும் கையால் பலமாக இழுத்துப் பாருங்கள். மிச்ச நீளத்தைச் சுருட்டி டேஷ்போர்டுக்குப் பின்னால் திணிக்காமல் வெட்டிவிடுங்கள். ஆனால் ஹார்னஸ் முழுவதும் வண்டியில் படுத்து, ஸ்டீயரிங்கும் பெடல்களும் மாட்டப்பட்டு, என்ஜின் தன் இடத்தில் அமர்ந்த பிறகே வெட்டுங்கள். என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே போகும் வயரில் என்ஜின் ஆடுவதற்கான தளர்வு இருக்க வேண்டும்.

சேசிஸ் ஓரமாகப் போகும் வயருக்குப் பிளந்த நெளிகுழாய் எனக்குப் பிடிக்காது. அதற்குள் புகும் மணலும் சேறும் வெளியே வராமல் காப்புறையை அரைத்துக்கொண்டே இருக்கும். துணி டேப் சுற்றி, மேலே பின்னல் உறை போட்டு, ரப்பர் பூசிய கிளிப்புகளால் ஒவ்வொரு 30 சென்டிமீட்டருக்கும் பிடித்து, சேசிஸின் உள்பக்க மேல் விளிம்பில் கொண்டு செல்லுங்கள். சைலன்சர் குழாயிலிருந்தும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டிலிருந்தும் ஒரு கை அகலமாவது விலகியிருக்கட்டும். ஆக்சிலுக்கு இறங்கும் வயர் எதுவும் இருந்தால், சக்கரம் முழுவதும் தொங்கும் நிலையில் அதன் நீளத்தை அளந்துகொள்ளுங்கள்.

பவர் விண்டோ, ஆன்டெனா போன்ற தேவையற்ற சுற்றுகளின் வயர்களை ஃபியூஸ் பாக்ஸின் பின்னாலிருந்து முழுவதுமாக உருவிவிடலாம். உருவ முடியாத வகை என்றால் அந்த ஃபியூஸை எடுத்துவிட்டு, முனையை மூடிக் கட்டி வையுங்கள். இரண்டு சுற்றுகளை மட்டும் எதிர்காலத்துக்கென்று விட்டுவைப்பது நல்லது. வின்ச்சை எந்தக் காரணம் கொண்டும் ஃபியூஸ் பாக்ஸிலிருந்து இணைக்காதீர்கள். அதற்குப் பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த கேபிளும் தனி ஐசொலேட்டரும் (மின்சாரத்தை முழுவதும் துண்டிக்கும் சுவிட்ச்) வேண்டும். என்ஜின் ஓடும்போது பேட்டரி ஐசொலேட்டரைத் திருப்பி அணைக்கவும் கூடாது. ஆல்டர்னேட்டரில் எகிறும் மின்னழுத்தம் அதன் டயோடுகளைக் கொன்றுவிடும்.

முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது எல்லா ஃபியூஸ்களையும் எடுத்துவிடுங்கள். பேட்டரி நெகடிவ் முனைக்கும் அதன் கேபிளுக்கும் நடுவில் ஒரு 21 வாட் பல்பைத் தொடராக மாட்டுங்கள். எங்கே ஷார்ட் இருந்தாலும் 2 ஆம்பியருக்கு மேல் பாய வழியில்லை. பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் ஷார்ட், எரியாவிட்டால் அடுத்த ஃபியூஸுக்குப் போகலாம். ஒவ்வொரு ஃபியூஸாகச் சொருகி, அந்தச் சுற்றை இயக்கி, பல்பு எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்து முன்னேறுங்கள். எல்லாம் தேறிய பிறகே பல்பை எடுத்துவிட்டுக் கேபிளை நேராக மாட்ட வேண்டும்.

பிறகு மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து, பேட்டரி நெகடிவுக்கும் ஒவ்வொரு விளக்கின் எர்த்துக்கும் இடையே, விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே அளவெடுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் அந்த எர்த் நல்லது. ஓம் வைத்து அளந்தால் ஒரே ஓர் இழையில் தொங்கும் வயர்கூடச் சரியாகவே காட்டும். மின்னோட்டம் பாயும்போதுதான் அதன் குறை தெரியும். பிரேக்கை மிதித்தபடி, ஹெட்லைட்டும் இண்டிகேட்டரும் சேர்ந்து ஓடும்போது பின்விளக்குகள் ஒன்றுக்கொன்று மங்கினால் பின்பக்க எர்த் பட்டைக்குத் திரும்பிப் போங்கள். முதல் கரடுமுரடான ஓட்டத்துக்குப் பின் ஆல்டர்னேட்டர் நட்டு, சோலினாய்டு நட்டு, மூன்று எர்த் பட்டைகளின் போல்ட்டுகள், பயர்வால் கிராமெட் ஆகியவற்றை மறுபடி இறுக்கிப் பாருங்கள். செம்பு லக்குகள் முதல் சில சூட்டிலும் அதிர்விலும் கொஞ்சம் அமுங்குவதால், அந்த நட்டுகளில் ஒன்றிரண்டு நிச்சயம் கால் சுற்றாவது ஏற்கும்.